ஈயப் புள்ளி

"ஈறைக் காட்டு நைனா."

சௌக்கியமா என்று கேட்கிற வழக்கமே பாக்கியநாதனுக்குக் கிடையாது. எதிரில் வருகிறவரின் கீழுதட்டை இழுத்துப் பார்த்த பிறகுதான் மறுபேச்சு. ஈறோரம் நீலக்கோடு ஓடினால் உடம்பில் ஈயம் ஏறிவிட்டது என்று அர்த்தமாம். போன மாதம் மீஞ்சூர்க் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையின் உதட்டையே இழுத்துவிட்டார். பெண்வீட்டார் மிரண்டு போனார்கள். தங்கமான மனிதர்தான், இந்தக் கிறுக்கை என்ன சொல்ல!

திருவள்ளூர் ரயில் பாதையோரம் ராணுவ முகாம் ஆஸ்பத்திரியில், பதினோரு வருஷமாக, ரத்தம் பார்ப்பது அவர் வேலை. டாங்கி பேட்டரிகளைப் பிரித்து ஈயம் உருக்கும் ஜவான்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி. ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாரானால் டீ ஆறிப்போகும். ஈயம் ஏறியவனின் சிவப்பணுக்களுக்குள் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் தெரியும். அந்த அணுக்களை எண்ணுவார். எண்ணிக்கை எல்லை தாண்டினால் ஆளுக்கு மருத்துவத் தரம் இறங்கும். பதவி உயர்வும் போச்சு. கவனிக்காமல் விட்டால் ஈயம் நரம்பில் ஏறி மணிக்கட்டே தொங்கிவிடும்.

நேற்று தானியேல் வந்தான். கும்மிடிப்பூண்டிப் பையன், முகாமின் சடுகுடு சூரன், அடுத்த வாரம் சட்டைக்கையில் பட்டை ஏறி நாயக்காகப் பதவி உயர வேண்டியவன். அவன் ரத்தத்தை மூன்று தடவை எண்ணினார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "உனக்குப் புள்ளி ஜாஸ்திப்பா" என்றார்.

அவன் முகம் மலர்ந்தது. "நெசமாவாண்ணே? அப்ப ஸ்ட்ரைப்பு கன்ஃபார்ம்னு ஊட்டுக்கு லெட்டர் போட்டுரட்டா?"

பாவிப்பயல்! சடுகுடுக்காரனுக்குப் புள்ளி என்றால் வெற்றிதானே.

"அய்ய, அது இல்லடா. இது ஈயப் புள்ளி. ரத்தம் கெட்டுக்கினு கீது."

தானியேல் கெஞ்சத் தொடங்கினான். "கொறச்சு எழுதிடேன்ணே. ஒரு வாரம் தாண்டிட்டா போதும். எனக்கு இன்னா, கல்லாட்டம் கீறேன்!"

எழுதலாம். வேறு யாரும் மறுபடி எண்ணப் போவதில்லை. பிள்ளையின் ஆசையைக் கெடுப்பானேன் என்று மனம் இளகி, பேனாவைத் திறந்தும்விட்டார்.

ஊசிக்காக மடித்துவிட்ட சட்டைக்கையை இறக்கி, தானியேல் பித்தான் போடப் பார்த்தான். விரல் நழுவியது. மறுபடி முயன்றான், மறுபடி நழுவியது. மணிக்கட்டு நிமிரவில்லை. பாக்கியநாதன் பார்ப்பதைக் கண்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

பாக்கியநாதன் குனிந்து, எண்ணியதை எண்ணியபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவன் கையைத் தம் பக்கம் இழுத்து, அந்தப் பித்தானைப் போட்டுவிட்டார்.