சொல்லப் பயந்த நான்கு நாட்கள்

நடைவழியின் கோடியில் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார். கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியின் மகப்பேறு பிரிவு அது. சக்கர நாற்காலியில் இருந்த எனக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. புடவை ரத்தத்தில் நனைந்து ஒட்டியிருந்தது. ஆனாலும் சாவைவிட அந்தக் காக்கிச் சட்டைதான் என்னை நடுங்க வைத்தது.

இதே பயத்தோடு எங்கோ ஒரு வீட்டில் படுத்திருக்கும் ஒருத்திக்காக இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு மணலூர்பேட்டை பக்கம். கணவர் குத்தகை நிலத்தில் கரும்பு வைக்கிறார். இரண்டாவது மகள் அறுவை சிகிச்சையில் பிறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை. ஒருநாள் காலை சோறு வடிக்கும் வாடை குமட்டியது. மறுநாளும் அப்படியே. பரிசோதனை அட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடுகள்.

தையல் போட்ட இடம் அப்போதும் குனிந்தால் இழுக்கும். இன்னொரு பிரசவத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கணவரும் வேண்டாம் என்றார். எங்கே போவது என்பதுதான் இருவருக்கும் தெரியவில்லை. முன்பு ஸ்கேன் எடுத்த இடத்தில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பது சட்டப்படி குற்றம் என ஒரு பலகை மாட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, கருவைக் கலைப்பதே குற்றம் என்று எனக்குள் பதிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயரை எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்வீட்டுப் பெண் வேறு சொன்னாள்.

கணவர் தெரிந்தவர் மூலம் மாத்திரை வாங்கி வந்தார். எத்தனை வாரம் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் ரத்தம் போனது. நின்றுவிடும் என்று இருந்தேன். மூன்றாம் நாள் கட்டிகட்டியாகப் போனது. வீட்டில் எல்லோரிடமும் வயிற்றுவலி என்றேன். நான்காம் நாள் குளிர் தூக்கிப் போட்டது. கெட்ட வாடை வந்தது. மகள் பசியில் அழுதும் எழ முடியவில்லை. அந்த அழுகை கேட்டு வந்த என் ஓரகத்தி செல்வி அக்கா, போர்வையை விலக்கிப் பார்த்தார்.

“எத்தினி நாளா போவுது?”

“நாலு நாளாக்கா.”

“யாராண்டயும் சொல்லாம படுத்துக்கினு இருக்கியா?”

கேஸாகிவிடும் என்றேன்.

“ஆவட்டும். உசுரோட இருந்தாதான கேஸு நடத்தறது. எழுந்திரு.”

அவர்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார், குழந்தையைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே ஏறினார்.

தானாகக் கலைந்தது என்று டாக்டரிடம் பொய் சொன்னேன். இளவயதுப் பெண் அவர். என் கண் போன திசையைப் பார்த்தார். எழுந்துபோய் திரையை இழுத்துவிட்டு வந்தார்.

“அவங்க வேற கேஸுக்கு வந்திருக்காங்க. உங்களுக்காக வரலம்மா. திட்டறதுக்குக் கேக்கல, இன்னா மாத்திர, எப்ப சாப்பிட்டீங்க?”

சொல்லிவிட்டேன்.

முழுமையடையாத கருக்கலைப்பு (கருவின் மிச்சம் கருப்பைக்குள் தங்கிவிடுவது), அதனால் செப்சிஸ் (தொற்று ரத்தத்தில் கலந்து உறுப்புகளைத் தாக்கும் நிலை). ரத்தம் ஏற்றினார்கள். மிச்சத்தை உறிஞ்சி எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கருப்பையை எடுக்க நேர்ந்திருக்கலாம், உயிரும் போயிருக்கலாம் என்று அக்காவிடம் சொன்னார்களாம். கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். “நான்தான் வாங்கியாந்தேன்” என்றார்.

காய்ச்சல் விட்ட பிறகுதான் டாக்டரிடம் கேஸ் உண்டா என்று கேட்டேன். நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். கருத்தடை பலிக்காமல் போனாலோ, தாயின் உடலுக்கோ மனதுக்கோ கேடு என்றாலோ, இருபது வாரம் வரை ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டால் போதும். சில நிலைகளில் இருபத்து நான்கு வாரம் வரை, இரண்டு மருத்துவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். கருவுக்குக் கடுமையான குறை இருந்தால் அதன் பிறகும் மருத்துவக் குழு பரிசீலிக்கும். பதினெட்டு நிறைந்தவளுக்கு அவள் கையெழுத்தே போதும், கணவர் சம்மதம் தேவையில்லை. பெயரை வெளியே சொல்லக் கூடாது.

“மொதல்லயே இங்க வந்திருந்தா சுளுவா முடிஞ்சிருக்கும்மா” என்றார்.

படுக்கையில் கிடந்தபடி போனில் மற்ற நாடுகளைப் பற்றிப் படித்தேன். சில நாடுகளில் பெண் கேட்டாலே போதும். சிலவற்றில் தாயின் உயிருக்கே ஆபத்து என்றாலும் தடை. தானாகக் கலைந்ததற்கே சிறைக்குப் போன பெண்களும் இருக்கிறார்கள். கிடைத்திருந்த உரிமையைத் திரும்பப் பறித்த இடங்களும் உண்டு. அந்தப் பெண்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இங்கே சட்டமே எனக்கு வழி வைத்திருந்தது. இருந்தும் நான்கு நாள் போர்வைக்குள் கிடந்தேன்.

வீடு திரும்பி நாற்பதாம் நாள், துணி துவைக்கும்போது மாதவிலக்கு வந்தது. கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை ஒளிக்கவில்லை. செல்வி அக்காவைக் கூப்பிட்டேன். மணிக்கு இரண்டு துணி வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அவர் சுவர்க் கடிகாரம் தெரிகிற இடத்தில் என்னை உள்ளே உட்கார வைத்து, பக்கத்திலேயே இருந்தார். ஒரு மணி நேரம் போனது. இன்னொரு மணி நேரமும் போனது. சாதாரண ரத்தம்தான் என்றார் அக்கா.

எனக்கு இப்போது மாதம் என்பது முப்பது நாள் இல்லை. மாதவிலக்கு வந்ததும் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான். அது கடந்த பிறகே என் உடம்பு மறுபடி என்னுடையதாகிறது.