நடை பஸ்ஸின் டிரைவர்

நொறுக்குத்தீனி கம்பெனியின் வேன் ஓட்டுகிறவர் அவர். தெருவில் எல்லோருக்கும் வெறும் டிரைவர். சிப்ஸ், கிரீம் பிஸ்கட், கேக் என்று கடை கடையாக இறக்கிவிட்டு, நசுங்கிப்போன பாக்கெட்டுகளை மட்டும் வீட்டுக்கு எடுத்து வருவார். கம்பெனியும் அதைக் கண்டுகொள்வதில்லை. மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும் மகள் ஓடிவந்து அவர் பைக்குள் கையை விடுவாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தால் அன்றைய அலுப்பெல்லாம் பறந்துவிடும். ரொம்ப நாள் காத்திருந்து பெற்ற ஒற்றைப் பிள்ளை. ஒன்பது வயது.

பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் காலையில் அப்பாவின் வேனில்தான் போவாள். முன் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை ஒருமுறை அடித்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

அந்த வருஷம் சுகாதார நிலையத்து நர்ஸ் பள்ளிக்கு வந்து எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் பார்த்தார். பிறகு டிரைவரையும் மனைவியையும் கூப்பிட்டனுப்பினார். மனைவி துணிக்கடையில் பில் போடுகிறவள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

“பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. உயரத்துக்கு எடை கொஞ்சம் கூடுதல். மாடி ஏறினா மூச்சு வாங்குதா?” என்று கேட்டார் நர்ஸ்.

“வாங்கும். எனக்கும்தான் வாங்குது,” என்றார் டிரைவர், தொப்பையைத் தடவிக்கொண்டே.

நர்ஸ் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

“சாயங்காலம் வீட்டுல என்ன சாப்பிடுவா?”

மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது அவருக்கு மனசு ஆறவில்லை. “என் பிள்ளைக்கு நான் ஆசையா கொண்டு வர்றது ஒரு தப்பா?”

“ஆசை தப்பில்லைங்க. ஆனா அவ உங்களைத் தேடி ஓடி வர்றாளா, உங்க பையைத் தேடி ஓடி வர்றாளான்னு எனக்கே இப்பெல்லாம் தெரியல.”

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடமும் சுகாதார நிலையமும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். குண்டுப் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு எதுவும் செய்யப் போவதில்லை என்று நர்ஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒல்லியோ குண்டோ, தெருவில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் காலையில் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பள்ளிக்கு நடக்க வேண்டும். “பஸ் மாதிரி. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு ஏத்திக்கணும். முன்னாடி ஒரு பெரியவங்க வேணும்.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “பஸ்ஸுன்னா டிரைவர் வேணுமே. நம்ம டிரைவர் இங்கதான இருக்காரு?”

கூட்டமே சிரித்தது. அவரால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

முதல் நாள் தூறல். வந்தது நாலே பிள்ளைகள். மகள் உம்மென்று நின்றாள். “வேன் எங்கப்பா?”

“வேனுக்கு லீவும்மா.”

அவள் கயிற்றைத் தொடவில்லை. அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மெக்கானிக் கடை வாசலில் பைக்குகள் நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்தன. ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. ஒரு லாரி உரசுகிற மாதிரி போனதும் டிரைவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக மெக்கானிக்கிடம் வந்தார்.

“இடமில்லண்ணே, என்ன செய்யச் சொல்றீங்க?”

“பிள்ளைங்க போற நேரத்துக்கு மட்டும் எடுத்துருப்பா. நாளெல்லாம் வண்டி ஓட்டுறவன்தான் நானும். இன்னிக்கு நடந்தப்பதான் பயம்னா என்னன்னு தெரிஞ்சுது.”

மறுநாள் நடைபாதை காலியாக இருந்தது. கிரீஸ் துணியை ஆட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கே ரோட்டோரம் நின்றார்.

பள்ளிக்கு எதிரே இருந்த கடைதான் பெரிய சோதனை. சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரியாகப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே தொங்கின. வரிசையில் இருந்த கைகளெல்லாம் அந்தப் பக்கமே நீண்டன. அந்தச் சரங்களுக்குக் கம்பெனி சார்பில் கொக்கி மாட்டியதே டிரைவர்தான். வேன் சீட்டில் உட்கார்ந்திருந்தவரைக்கும் அந்த உயரம் அவர் கண்ணில் பட்டதில்லை. ஒருநாள் ஸ்க்ரூ டிரைவரோடு போய் நின்றார்.

“நீயே மாட்டிட்டு நீயே கழட்டுறியா? கம்பெனிக்காரன் சும்மா விடுவானா?” என்றார் கடைக்காரர்.

“விக்க வேண்டாம்னு சொல்லலண்ணே. உள்ள வச்சு வில்லுங்க. வாசல்ல பழம் இருக்கட்டும்.”

கடைக்காரர் முணுமுணுத்தார். ஆனாலும் வாழைப்பழத் தாரை வாசலுக்குக் கொண்டுவந்தார். முதலில் பழம் கறுத்துப்போய்த்தான் கிடந்தது. நர்ஸும் டீச்சர்களும் வந்து வாங்க ஆரம்பித்த பிறகே கொஞ்சம் நகர்ந்தது. கம்பெனி சூப்பர்வைசர் விஷயம் தெரிந்து காய்ச்சி எடுத்தார். டிரைவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். கொக்கியை மட்டும் திரும்ப மாட்டவில்லை.

வரிசை மெல்ல நீண்டது. மகளும் எப்போதோ சட்டையை விட்டுக் கயிற்றுக்கு மாறியிருந்தாள். வேனில் இன்ஜின் சத்தமும் ரேடியோவும்தான் பேசும். நடையில் அவள் பேசினாள். ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“அப்பா, முன்னாடியெல்லாம் என்னை டிரம்னு கூப்பிடுவாங்க.”

“யாரு?”

“இப்ப கூப்பிடறதில்ல, விடு. அப்பல்லாம் அவங்களோட உக்காந்து சாப்பிட மாட்டேன். பசியா இருக்கும். வீட்டுக்கு வந்து உன் பையில இருக்கிறதை எல்லாம் தின்னுடுவேன்.”

“ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?”

“சொன்னா நீ அழுவ.”

டிரைவர் திரும்பி நின்று, கயிறு சரியாக இருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் பாக்கெட் எடுத்து வருவதை விட்டுவிட்டார். அந்த வாரம் வீடு ரணகளம்தான். மகள் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்து அழுதாள். அம்மா நறுக்கி வைத்த வெள்ளரிக்காய்த் தட்டைத் தள்ளினாள். மனம் கேட்காமல் அவரே ஒருமுறை கால் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வருஷக் கடைசியில் நர்ஸ் மறுபடியும் எடை பார்த்தார். “எடை அப்படியேதான் இருக்கு. உயரம் நல்லா கூடியிருக்கு. இந்த வயசுக்கு இது நல்ல சேதிங்க.”

“குறையவே இல்லையா?” என்றாள் மனைவி.

“குறைக்க வேண்டாம். வளரட்டும்.”

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் டிரைவருக்குக் காய்ச்சல் அடித்தது. எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளைகள் கீழே நின்று “டிரைவர், டிரைவர்” என்று கூப்பிட்டார்கள். மனைவி கடைக்குப் போன் போட்டுத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

அவர் போர்வையோடு பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். வரிசை மெக்கானிக் கடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. மகள் அம்மாவின் பக்கத்தில், கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். அம்மா குனிந்து கேட்டுச் சிரித்தாள். மகள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அது என்ன கதையோ தெரியவில்லை. இன்றைக்கு அது தனக்குக் கிடைக்காமல் போய்விட்டதே என்று அவருக்குச் சின்னதாக ஒரு பொறாமை வந்தது. வரிசை முனை திரும்பும்வரை அங்கேயே நின்றார்.