சொல்லாமல் அணைகிற வெளிச்சம்

“...பின்ன, லைட்டு அணைஞ்சா நான் நின்னு கூவணுமோ? நான் என்ன நரியா ட்டி?”

அடுக்களைப் படியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் இப்படிச் சொல்லிச் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்காலெல்லாம் மண், உள்ளங்காலில் முள். “ஒரு சத்தம் குடுத்தா என்ன?” என்று நான் கேட்டதற்குத்தான் அந்தப் பதில்.

தொண்ணூறுகளில் நாங்கள் வெள்ளறடைப் பக்கம் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் நின்ற விளை சரிவாக ஏறிப்போகும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் அவர் விடியுமுன் நாலரைக்கே மரத்தில் பால் வெட்டப் போவார். நெற்றியில் பட்டையால் கட்டிய லைட்டு, இடுப்பில் மூன்று தடிப் பேட்டரி போட்ட குழல், இரண்டுக்கும் நடுவே முதுகு வழியாக ஒரு வயர். நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஜன்னல் வழியே அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு மரத்தில் கொஞ்சம் நிற்கும், அடுத்த மரத்துக்கு நகரும். அது நகர்கிறவரை ஆள் நன்றாக இருக்கிறார். முந்தின வருஷம் பக்கத்து விளையில் பால் வெட்டியவரை விரியன் கடித்து, விடிந்த பிறகுதான் ஆட்கள் கண்டார்கள். உயிர் பிழைத்தார், ஒரு கால் போயிற்று. அதன்பிறகு அந்த ஜன்னலை விட்டு என்னால் நகர முடியவில்லை.

சாதாப் பேட்டரியின் போக்கு எனக்கு ஜன்னலிலிருந்தே தெரியும். புதிது போட்ட அன்று வெளிச்சம் பால் வெள்ளை. பிறகு கஞ்சி நிறம். நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால் பனச்சமூட்டில் போய்ப் புதுசு வாங்கியாக வேண்டும். ஆனால் அவர் லேசில் வாங்க மாட்டார். ரப்பர் ஷீட் காயப்போடுகிற கம்புக்குக் கீழே வெயிலில் வைப்பார், முன்னதைப் பின்னதாக மாற்றிப் போடுவார். “வெயிலு காட்டினா ரெண்டு நாளு கூட இருந்துட்டுப் போவான்” என்பார். எப்படியும் அது போகப் போகிறது என்று எனக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும். நானும் அதற்குத் தயாராக இருப்பேன்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் வளைகுடாவிலிருந்து லீவில் வந்த என் தம்பி, கரண்டில் குத்திச் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி கொண்டுவந்தான். நாலு குழி உள்ள ஒரு பெட்டி, நாலு தடிப் பேட்டரி. “அத்தான், இனி வாங்கவே வேண்டாம். தீரத் தீர ஏத்தலாம், வருசக்கணக்கா ஓடுமாக்கும்” என்றான். புதுச் சாதாப் பேட்டரியின் முதல் நாள் வெள்ளை அதில் இல்லைதான். ஆனால் முதல் நாள் எப்படியோ மூன்றாம் நாளும் அப்படியே எரிந்தது. அதுவே எனக்கு உறுத்தியது. எப்போது தீரும் என்று ஜன்னலிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வெட்டு நின்றது. அவர் நாலையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, துணியில் சுற்றி, பீரோவில் சேலைக்கு அடியில் பத்திரப்படுத்தினார். விசேஷத்துக்கு எடுக்கிற வேட்டியை மடித்து வைக்கிற மாதிரி. மழை விட்டு வெட்டு தொடங்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அன்று விடியுமுன் எடுத்துக் குழலில் போட்டுக்கொண்டு, “தொடாத சரக்காக்கும், ஃபுல்லு உண்டு” என்று சொல்லிப் புறப்பட்டார்.

நான் பார்த்துக்கொண்டே இருக்க, பாதிச் சரிவில் வெளிச்சம் நின்றது. அப்புறம் இல்லை. மங்கவில்லை, மஞ்சளாகவில்லை, கண்ணை மூடினது போல இல்லாமல் போயிற்று.

அடுத்த மரத்துக்கு வரும் என்று நின்றேன். வரவில்லை. வாசலுக்கு வந்து, “இஞ்ச கேக்குதா?” என்று கூப்பிட்டேன். சீவிடுப் பூச்சிகளின் சத்தம் மட்டும். அடுத்தாற்போல் நான் சரிவில் ஓடிக்கொண்டிருந்தேன், செருப்பு இல்லாமல், கையில் ஒரு விறகுக்கொள்ளியோடு. மரத்தில் பால் பிடிக்க வைத்த ஏதோ ஒரு சிரட்டையில் கால் இடித்துப் பால் கொட்டியது. இன்னும் ரெண்டு மரம் தாண்டியதும் ஆள் குந்தி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இரண்டு கையிலும் பேட்டரி, வாயில் குழலின் மூடி. பழக்கதோஷத்தில் முன்னதைப் பின்னதாக மாற்றிக்கொண்டிருந்தார். மூடி வாயில் இருந்ததால் பதில் சொல்லவில்லையாம்.

லீவு முடியாமல் எங்கள் வீட்டிலேயே இருந்த தம்பி என் கூச்சலில் எழுந்து, நாங்கள் இறங்கி வந்தபோது அடுக்களையில் நின்றான். விஷயம் கேட்டதும் தலையில் கைவைத்தான்.

“அத்தான், அதை ஏத்தி வச்சிட்டா இருந்த இருப்புல சார்ஜு தானே எறங்கிப் போவும். வெட்டப் போறதுக்கு முந்தின நாளு ஏத்தணும். சாதா பேட்டரிதான் பெட்டியில கெடந்தாலும் வருசம் தாங்கும்.”

“இத நீ அன்னைக்கே சொல்லப்பிடாதா மக்கா?”

“சேலைக்கு அடியில வைப்பியன்னு நான் கண்டனா?”

அவர் கட்டன்சாயாவை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். “பழையவன் ஒரு வாரம் இருமிட்டுத்தான் போவான் பாத்துக்க. இவன் வெளிநாட்டுக்காரன், சிரிச்சிட்டே இருந்து சட்டுன்னு காலை நீட்டிருவான். நீ அதுக்குப் பயப்படண்டாம்.”

“அணைஞ்சா எனக்கு எப்பிடித் தெரியும், பேட்டரி போச்சா ஆளு போச்சான்னு? ஒரு சத்தம் குடுத்தா என்ன?”

அப்போதுதான் அவர் அந்த நரிப் பேச்சைப் பேசியது. நான் அடுப்பு வெளிச்சத்தில் காலைத் தூக்கி உள்ளங்காலில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கினேன். அதை அவர் பார்த்தார், சிரிப்பு நின்றது.

சாயாவைக் குடித்து முடித்தார். நான் தூரப் போட வைத்திருந்த மூன்று பழைய சாதாப் பேட்டரிகளை ஜன்னல் திண்டிலிருந்து எடுத்துக் குழலில் போட்டார். வெட்ட வேண்டிய மரத்தில் பாதி இன்னும் பாக்கி. நல்லெண்ணெய் நிறத்தில் வெளிச்சம் சரிவில் ஏறியது. முன்பு அணைந்த அதே மரத்தடியில் போய் நின்றது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெளிச்சம் மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பியது. அங்கே நின்று, நெற்றியில் லைட்டு எரிந்துகொண்டிருக்கும்போதே, அண்டை விளை நாய்களெல்லாம் குலைக்கும்படி அவர் நரி மாதிரி நீளமாக ஒரு ஊளை விட்டார்.