களிம்பின் மேல் ஒரு பூச்சு

1. சித்திரை மாதம், போடிமெட்டுச் சாலையில் நாள் முழுவதும் மட்டம் பார்க்கும் லெவல் கருவியோடு நின்றுவிட்டு வீடு திரும்பினேன். இரண்டு கன்னங்களும் எரிந்தன.

2. மறுநாள் காலையில் மூக்கின் மேலும் கன்னங்களிலும் சிவந்த தடிப்பு. அம்மா வெக்கை என்று சொல்லி வெள்ளரிக்காய் அரைத்துப் போட்டாள்.

3. ஆடியில் விரல் மூட்டுகள் வீங்கின. கருவியின் சிறிய திருகுகளைத் திருப்ப முடியவில்லை.

4. போடியில் ஊசி போட்டார்கள். தேனியில் ஒவ்வாமை என்றார்கள். சீப்பில் முடி கொத்தாக வந்தது.

5. மதுரையில் ஒரு தோல் மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். நோயின் பெயர் லூபஸ் (உடலைக் காக்க வேண்டிய அணுக்கள் உடலையே தாக்கும் நோய், வெயில் பட்டால் கூடும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது).

6. மாத்திரைகளோடு ஒரு டப்பாவில் வெள்ளைக் களிம்பும் தந்தார்கள்.

வரிசையாக எழுதினால் இவ்வளவுதான். மாத்திரைகளைப் பற்றி உங்கள் மருத்துவர் சொல்லிவிடுவார். களிம்பைப் பற்றியும் ஒரு வரி சொல்வார்: தினமும் பூசுங்கள். அந்த ஒரு வரியைச் செய்வது எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை, இதே நோயோடு வாசிக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

எண்பதுகள் பிறந்த கையோடு நடந்தது இது. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, மலைச்சாலைத் தடுப்புச் சுவர்களைக் கட்டும் பிரிவில் ஓவர்சியராக இருந்தேன். மழையில் சரிந்த வளைவுகளில் சுவர் எழும்பும்போது அளவும் மட்டமும் கலவையும் சரியா என்று பார்ப்பது என் வேலை. அங்கே நான் ஒருத்திதான் பெண் அதிகாரி. அதனாலேயே பவுடர்கூடப் போடாமல் போவேன். ஒரு பொட்டு, பின்னிய சடை, கைக்கடிகாரம். வெறும் முகத்தோடு போனால்தான் என் சொல்லுக்கு மதிப்பு என்று எனக்கு நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

களிம்பு துத்தநாக ஆக்சைடு கலந்தது (வெயிலைத் தோலுக்குள் விடாமல் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பொடி). மருத்துவமனையிலேயே குழைத்துத் தருவார்கள். என் நிறத்துக்கு அதைப் பூசினால் முகம் சாம்பல் பூத்த கரிபோல ஆகிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் வெண்மை போகாது.

முதல் நாள் அதைப் பூசிக்கொண்டு வேலையிடத்தில் இறங்கியபோது சித்தாள் பெண்கள் கல் சுமப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பேச்சி என்பவள் வாய்த்துடுக்கானவள்.

"ஏ, சொவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்ப ஓவர்சியரம்மா மொகத்துல அடிச்சுக்கிட்டு வந்துட்டாகடி."

"சொவரு இன்னும் எந்திரிக்கலையில்ல. அதுவரைக்கும் எங்கிட்டு அடிக்கிறதாம்?" என்றாள் இன்னொருத்தி.

கொத்தனார் திரும்பி நின்று சிரித்தார். நான் அளவுநாடாவைப் பிரித்து, அளந்த இடத்தையே மறுபடி அளந்தேன்.

அதன்பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். காலையில் வீட்டில் களிம்பைப் பூசுவேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவேன். போடிமெட்டில் இறங்கியதும் குழாயடியில் முகத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டு வேலைக்குப் போவேன். போடியில்தான் வெயில் கொளுத்துகிறது. மெட்டில் பாதி நாள் பனிமூட்டம்தான், பக்கத்தில் நிற்கிற ஜீப்புகூடத் தெரியாது. குளிரில் உதடு வெடிக்கும். அங்கே எதற்கு வெயில்தடுப்பு என்று நினைத்தேன். இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சிக்கனமான ஏற்பாடு என்றே நம்பினேன்.

தடிப்பு அடங்கவில்லை. மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரையின் (தாக்கும் அணுக்களை அடக்கும் மருந்து) அளவைக் கூட்டினார். என் முகம் ஊதி வட்டமானது. கன்னம் தொங்கியது. சிறுநீரில் புரதம் தெரிந்தது (சிறுநீரகம் கசியத் தொடங்கியதன் அடையாளம்).

அந்த முறை மதுரைக்கு அண்ணனும் கூட வந்திருந்தான். மருத்துவர் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"களிம்பு போடுறீங்களா?"

"தவறாமப் போடுறேன் சார்."

"காலையிலேருந்து என்ன செய்றீங்க, வரிசையாச் சொல்லுங்க."

வரிசையாகச் சொல்வது எனக்குப் பிடித்த வேலை. குளியல், களிம்பு, பஸ், போடிமெட்டுக் குழாயடி, வேலை, மாலையில் இறங்குவதற்கு முன் மறுபடி களிம்பு. ஒன்றையும் விடவில்லை.

அவர் பேனாவை மூடினார். "குழாயடியில என்ன செய்றீங்க?"

"மொகம் கழுவுறேன் சார். மேல மூட்டமா இருக்கும். வெயிலே கெடையாது."

அவர் என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். "ஒங்களுக்குத் தோட்டம் இருக்கா?"

"கொரங்கணியில கொஞ்சம் ஏலம் இருக்குங்க."

"மூட்டம் போட்டா அன்னைக்குச் செடிக்கெல்லாம் ராத்திரின்னு அர்த்தமா?"

"இல்லங்க. பகலு பகல்தான்."

"அந்தப் பகல்தான் ஒங்க தங்கச்சி மொகத்துல விழுந்திருக்கு. மலைக்கு மேல போகப் போக அது கூடத்தான் செய்யும், கொறையாது. குளுந்து கெடக்குன்னா ஒறைக்காது, அவ்வளவுதான்." பிறகு என்னிடம் சொன்னார்: "களிம்பு போட்டும் கேக்கலையேன்னுதானம்மா மாத்திரையக் கூட்டுனேன்."

மூட்டத்துக்குள் கருவியின் குழாய் வழியாகப் பார்த்து நான் எத்தனையோ முறை கண் கூசியிருக்கிறேன். அளவுகோலின் எண்கள் வெள்ளையில் கரைந்துவிடும். இவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. படித்த பெண் என்று அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போய்விடலாம்போல இருந்தது.

"எதுக்குக் கழுவணும்?" என்று கேட்டார்.

"சிரிக்கிறாங்க சார்."

அண்ணன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

"வெள்ளையாத் தெரியுறதுதான் கஷ்டம்னா மேல நெறமாப் பவுடர் போட்டுக்கங்க. களிம்பு அடியில இருக்கணும், மதியம் ஒரு தடவ புதுசாப் போடணும். சிறுநீர்ல இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா மலை வேலை கெடையாதுன்னு நானே எழுதிக் குடுத்துருவேன்."

பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மலையை விட்டால் எனக்குக் கிடைப்பது கீழே அலுவலகத்தில் படிவம் நிரப்பும் வேலை. அதைவிட, மேக்கப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவது கேவலமா? எனக்கு அன்று இரண்டும் ஒன்றாகத்தான் பட்டன.

வீட்டில் முகப்பூச்சு தெரிந்தவர் அண்ணன் மனைவி, என் மதினி ஒருவர்தான். தேவாரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். மாலையானால் முகம் கழுவி, பவுடர் ஒற்றி, மை தீட்டிக்கொள்வார். "மதினிக்குக் கண்ணாடி முன்னாடிதான் சோலி" என்று நான் ஒருமுறை அம்மாவிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் போய்க் கேட்டபோது அதைத்தான் முதலில் எடுத்தார்.

"ஏன், ஓவர்சியர் வேலைக்கு இப்பக் கண்ணாடி தேவைப்படுதாக்கும்?"

"ஆமா மதினி."

"சரி, வெளிச்சத்துக்கு வந்து ஒக்காரு. வெரசா. அடுப்புல சோறு இருக்கு."

முதல் முயற்சிகள் எல்லாம் வீண். ஈரக் களிம்பின் மேல் பவுடரைத் தேய்த்தேன். இரண்டும் உருண்டு திரண்டு உதிர்ந்தன. சாதாரணப் பவுடர் வெள்ளையை இன்னும் வெள்ளையாக்கியது. மதினி தன் கல்யாணப் போட்டோவுக்காக வாங்கிய பேன்கேக்கை (நீர் தொட்டுப் பூசும் நிறக்கட்டி) எடுத்து வந்தார். அது அவர் நிறத்துக்கானது. என் முகம் கழுத்திலிருந்து தனியாகக் கழன்று நின்றது.

"கோயில்ல வைக்கிற பொம்மை கணக்கா இருக்கத்தா" என்று மதினி சிரித்தார். நானும் சிரித்தேன். நோய் வந்த பிறகு கண்ணாடியின் முன்னால் அன்றுதான் சிரித்தேன்.

கறுப்பு நிறத்துக்கான கட்டி ஒன்றை அவர் மதுரையிலிருந்து வரவழைத்தார். அதைப் பொடித்துக் களிம்போடு பாதிக்குப் பாதி குழைத்தால் ஒரே பூச்சில் முடிந்துவிடுமே என்று எனக்குத் தோன்றியது. குழைத்தேன். நிறம் அச்சாகப் பொருந்தியது. பூசிக்கொண்டு படியிறங்கும்போதுதான் யோசனை வந்தது. நிறம் நன்றாக வருகிறது என்று ஒரு கொத்தனார் சிமென்ட்டைப் பாதியாகக் குறைத்தால் நான் அந்தச் சுவரை ஒப்புக்கொள்வேனா? திரும்பிப் போய்க் கழுவினேன்.

கடைசியில் நிலைத்தது இதுதான். களிம்பை முழு கனத்தில், காதோரம் கழுத்து உட்படப் பூச வேண்டும். அது காய்ந்து இறுகும்வரை எதையும் தொடக்கூடாது; நான் அந்த நேரத்தில் சாப்பாடு கட்டுவேன். பிறகு ஈரம் பிழிந்த பஞ்சில் நிறத்தை எடுத்து ஒற்ற வேண்டும். தேய்த்தால் அடிப்பூச்சு போய்விடும். மதியம் எல்லாவற்றையும் கழுவி, மறுபடி முதலிலிருந்து. மேலே எவ்வளவு நிறம் பூசினாலும் அது களிம்பின் வேலையைச் செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. "நோக்காடுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்? மினுக்கிக்கிட்டுப் போறாள்னு சொல்லிட்டுப் போகட்டும்" என்றாள். அப்படியே சொன்னார்கள். பஸ்ஸில் பின் இருக்கையில் ஒருவர், "ரோட்டு வேலைக்குப் போகவே இம்புட்டுப் பவுசா?" என்றார். வேலையிடத்தில் பேச்சி, "இன்னைக்கு மாப்ள வீட்டுக்காரக மெட்டுக்கே வர்றாகளோ?" என்றாள். ஒரு நாள் கலவை சரியில்லையென்று ஒரு பகுதியை இடிக்கச் சொன்னேன். கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு, எனக்குக் கேட்கும்படி, "பூச்சப் பத்தி அம்மாவுக்குத் தெரியாததா" என்றார். சுவரை இடித்தார்கள். ஆனால் அன்று முழுவதும் என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நோயாளி என்று தெரிவதா, மினுக்கி என்று பெயர் எடுப்பதா என்றால், நான் இரண்டாவதற்கு உள்ளுக்குள் கூசினேன். முதலாவதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

மதியப் பூச்சைச் சிமென்ட் மூட்டை அடுக்கிய கொட்டகைக்குள் போய்ப் போடுவேன். ஒரு நாள் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, டப்பாவைத் திறக்கும் நேரத்தில் பேச்சி சாந்துச் சட்டி எடுக்க உள்ளே வந்துவிட்டாள். ஊதிய வெறும் முகத்தையும் சிவந்த தடிப்பையும் பார்த்தாள்.

"என்னம்மா இது? வெந்து போய்க் கெடக்கு."

"நோய். வெயில் பட்டா கூடும். இது மருந்து. மருந்து வெள்ளையாத் தெரியக் கூடாதுன்னுதான் மேல இத ஒத்துறேன்."

"தொத்துமா?"

"தொத்தாது."

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் யாரும் கேலி செய்யவில்லை. மாப்பிள்ளைப் பேச்சு இல்லை. என் பக்கம் வரும்போது குரல்கள் தணிந்தன. பத்து மணிக்குக் கீழே கடையிலிருந்து டீ வரும். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் பொதுவாக இருக்கும். அன்று எனக்கு மட்டும் ஒரு கண்ணாடிக் கிளாஸ் வந்தது. தொற்றாது என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. கேலி இருந்திருக்கலாமே என்று அந்த வாரம் முழுவதும் நினைத்தேன்.

பிறகு ஒரு நாள், மூட்டம் விலகி வெயில் விழுந்த நேரம், சுவரின் அடியிலிருந்து பேச்சி எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"ஓவர்சியரம்மா, காதோரத்துல பூச்சு போயிருச்சு. செவப்பாத் தெரியுது."

நான் வலது காதைத் தொட்டேன்.

"அங்கிட்டு இல்ல, எடது பக்கம். போயி ஒத்திட்டு வாங்க. நாங்க என்ன சொவத்தத் தூக்கிட்டா ஓடிரப் போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். முகம் சுட்டது, வெயிலால் அல்ல. கொட்டகைக்குப் போய் இடது காதோரத்தைச் சரிசெய்துகொண்டு வந்தேன். கொத்தனார் நூலைப் பிடித்துக் காட்டினார். மட்டம் பார்த்தேன்.

உடம்பைப் பற்றிய என் நினைப்பு இப்போது வேறாகிவிட்டது. முன்பு எனக்கு முகம் என்ற ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. இப்போது மழையில் நிற்கும் கட்டடம்போல அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நேரமும் மாறிவிட்டது. கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் நிழலைப் பார்க்கிறேன். எந்த வளைவுக்கு எப்போது வெயில் வரும் என்று தெரியும். போடிமெட்டுப் பஸ்ஸில் எந்த ஜன்னலோரமும் எனக்கு நல்ல இடமில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வெயில் பக்கம் மாறி உட்கார்ந்துகொள்கிறது. பனிமூட்டம் அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது.

இன்றைய நிலை இது. நோய் போகவில்லை, அடங்கியிருக்கிறது. கடைசி இரண்டு பரிசோதனைகளிலும் சிறுநீரில் புரதம் இல்லை. மாத்திரை குறைந்திருக்கிறது, முகம் பாதி வடிந்திருக்கிறது. பெண் கேட்டு யாரும் வரவில்லை. மலை வேலையில் இருக்கிறேன். காலையிலும் மதியமும் களிம்பு, அதன் மேல் நிறம். பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால் இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. டீ இன்னும் தனிக் கிளாஸில்தான் வருகிறது.