நாய்க் காலுக்கு எடுத்த அச்சு

நம் வீட்டுப் பரணில் ஒரு வெள்ளைக் கட்டி கிடக்கிறதே, வாழைத்தண்டை நெடுக்கில் பிளந்து நடுவில் குடைந்தது மாதிரி, அது என்ன என்று கேட்டீர்கள். உள்பள்ளத்தில் செம்பட்டை மயிர் ஒட்டியிருப்பதையும் பார்த்துவிட்டீர்கள். அது நாய் மயிர்தான். உங்கள் அப்பா நான், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். சுற்றி வளைக்கத் தெரியாது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் அச்சு செய்யும் வேலை பார்த்தேன். பொம்மைக்கும் ஃபியூஸ் கட்டைக்கும் அச்சு. மாதிரி உருவத்தின் மேல் சோப்புத் தண்ணீர் தடவி, சுற்றிலும் அடைப்பு வைத்து, பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவோம். சோப்பு தடவாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். ஊற்றியது இறுகும்போது தானாகவே சூடு கிளம்பும். கையை வைத்துப் பார்ப்போம். சுட்டால் சந்தோஷம், அச்சு நன்றாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இந்தச் சூட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் ஒரு செவலை நாய் இருந்தது. யாரும் வளர்த்தது இல்லை. சூளைச் சுவர் ஓரம் கதகதப்பாக இருக்கும் என்று அங்கே படுத்துக்கொள்ளும். சூளை எரிக்கிறவர் என் கூட்டாளி, அவர் சாப்பாட்டில் அதற்கு ஒரு கை உண்டு. ஒரு நாள் களிமண் லாரி பின்பக்கமாக வந்தபோது அதன் முன்னங்காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே கால் தொங்கியது. தோலும் கிழிந்திருந்தது.

"மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போவலாமா?" என்றார் சூளைக்காரர்.

"அங்க மாடு, ஆடுதான் பாப்பாங்க. தெரு நாயத் தூக்கினு போனா சிரிப்பாங்க. மனுசனுக்கு எலும்பு ஒடஞ்சா என்னா போடறாங்க? மாவுக்கட்டு. அந்த மாவு என்னா? நம்ம பிளாஸ்டர்தான். மூட்ட மூட்டயா இங்க இருக்குது."

இதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! என் கைவேலைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு பால்பவுடர் டப்பாவின் அடியை வெட்டி எடுத்தேன். நாயின் காலில் சோப்புத் தண்ணீர் தடவினேன். காலை டப்பாவுக்குள் நேராக நிறுத்தி, அடியில் களிமண்ணால் அடைத்து, மேலிருந்து பிளாஸ்டரை ஊற்றினேன். சூளைக்காரர் நாயின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நாய் கத்த ஆரம்பித்தது. டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு.

"புடிச்சிக்கிச்சி!" என்றேன் சிரித்துக்கொண்டே.

டப்பாவை வெட்டிக் கழற்றினேன். இரண்டு விரல் கனத்துக்கு, விரல்நுனி வரைக்கும் மூடி, கல்லு மாதிரி கட்டு. சூளைக்காரர் பார்த்துவிட்டு, "மச்சான், நாயிக்குக் கட்டு போட்டியா, கோயிலுக்குத் தூணு நட்டியா?" என்றார். நான் கோபப்பட்டேன்.

மூன்றாம் நாள் நாய் சோற்றைத் தொடவில்லை. கட்டைப் பல்லால் கடித்துக்கொண்டே இருந்தது. கட்டுக்கு மேலே தோள் வீங்கியிருந்தது. கிட்டே போனால் வாடை. லாரி எலும்பை உடைத்தது, தோலைக் கிழித்தது, அவ்வளவுதான். காலே போய்விட்டால் அது நான் செய்த வேலை.

மண் சுமக்கும் கூடையில் சாக்கு விரித்து, நாயைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினோம். சூளைக்காரர் பிடித்துக்கொள்ள, நான் தள்ளினேன். மாட்டாஸ்பத்திரி வேப்பமரத்தடியில் ஆட்டோடு நின்ற ஒரு அம்மா, "நாயிக்குக்கூட ஆஸ்பத்திரி வந்துடுச்சா!" என்று வாயில் கை வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. என் வயதுதான் இருக்கும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து கூடைக்குள் பார்த்தார்.

"யாரு கட்டுனது?"

"நான்தாங்க சார். அச்சு வேல."

"அதான் பாக்கறேன். நீங்க கட்டு போடலிங்க, காலுக்கு அச்சு எடுத்திருக்கீங்க." கட்டைத் தட்டிப் பார்த்தார். "இது எறுகும்போது சுடுமே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? ஆயிரம் அச்சைத் தொட்டுப் பார்த்த கை இது. சுட்டபோது நாய் கத்தியது, நான் சிரித்தேன். "தெரியுங்க சார்" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "உள்ள கால் செத்திருந்தா எடுத்துடணும். மொதல்ல இத ஒடைக்கணும். சுத்தியால தட்டுனா எலும்பு தாங்காது. உங்க அச்ச நீங்க எப்படிப் பிரிப்பீங்க?" என்று கேட்டார்.

அது என் வேலை. சூளைக்காரரிடம் ரம்பத் தகடும் உளியும் வாங்கிவரச் சொன்னேன். டாக்டர் நாயின் வாயைத் துணியால் கட்டித் தலையைத் தம் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் நெடுக்காகக் கோடு அறுத்தேன். அடிவரை அறுக்கக் கூடாது, முக்கால் கனம்தான். பிறகு கோட்டில் உளியை வைத்து லேசாக ஒரு தட்டு. பூட்டுத் திறந்தது மாதிரி இரண்டு பாதியாகப் பிரிந்தது. சோப்பு தடவியும் கொஞ்சம் மயிர் பிளாஸ்டரோடு வந்துவிட்டது.

உள்ளே கால் வெளிறி, ஈரத்தில் ஊறி, சில இடம் வெந்து சிவந்திருந்தது. புண்ணில் சீழ். டாக்டர் நாயின் கால்விரல் ஒன்றை அழுத்திக் கிள்ளினார். ஒன்றும் இல்லை. இன்னொன்றைக் கிள்ளினார். நாய் வெடுக்கென்று காலை இழுத்தது.

"இழுக்குது பாருங்க! கால் பொழைச்சிக்கும்" என்றார் டாக்டர். சூளைக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

புண்ணைக் கழுவி மருந்து வைத்து, பஞ்சு சுற்றி, அப்போதைக்கு இரண்டு மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். "புண்ண தெனம் பாக்கணும். மூங்கிலத் தெனம் அவுத்தா எலும்பு நகந்துடும். என்னா பண்றதுன்னுதான் தெரியல" என்றவர், மேசைமேல் கிடந்த அந்த இரண்டு பாதியையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பட்டது என்றுதான் இன்றுவரை சொல்கிறேன். கனம் இல்லாமல், இதே மாதிரி இரண்டு பாதியாக ஒரு கூடு இருந்தால்?

அன்றைக்கே அந்தப் பாதிகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே சோப்புத் தண்ணீர் தடவி, பிளாஸ்டர் ஊற்றினேன். அச்சு அசலாக ஒரு நாய்க் கால் வந்தது. அதன்மேல் பஞ்சு கனத்துக்குத் துணி சுற்றி, பிளாஸ்டரில் நனைத்த துணிப்பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினேன். விரல்நுனியை மூடவில்லை. துணிக்கு உங்கள் அம்மா என் வேட்டியைக் கிழித்துக் கொடுத்தாள். "இன்னும் ஒரு பொங்கலுக்கு வந்திருக்கும். நாயி கட்டிக்கட்டும்" என்றாள். நன்றாகச் சூடு ஆறிக் காய்ந்த பிறகே அறுத்து இரண்டாகப் பிரித்தேன். முட்டை ஓட்டைவிடக் கொஞ்சம்தான் கனம் கூடுதல்.

தினமும் வேலைக்குப் போகும் முன் நாயைக் கொண்டுபோவோம். டாக்டர் நாயைச் சாய்த்துப் படுக்க வைத்து, மேல் பாதியை மட்டும் திறப்பார். கால் கீழ்ப் பாதியில் அசையாமல் கிடக்கும். புண்ணுக்கு மருந்து வைத்து மூடி, சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டையால் கட்டிவிடுவார். ஐந்தாறு வாரம் ஒருநாள் விடாமல் பார்த்தார். மாட்டுக்காரர்களும் சிரிப்பை விட்டுவிட்டு வழிவிடப் பழகிக்கொண்டார்கள்.

கூட்டைக் கழற்றிய அன்று நாய் காலைத் தரையில் வைத்தது, தூக்கியது, மறுபடி வைத்தது. வேப்பமரத்தடியில் ஒரு கோழி ஓடியது. நாயும் பின்னாலேயே ஓடியது, கொஞ்சம் சாய்ந்து, ஆனால் நாலு காலால். டாக்டர், "கோழிக்காரம்மா, பத்திரம்!" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் அடிபட்ட தெரு நாய்க்கு வழி தெரியாமல் போகவில்லை. டாக்டர் அளவு சொல்லி அனுப்புவார், நான் கூடு செய்வேன். சிறிசு, பெரிசு என்று நாலைந்து மாதிரிக் கால் என் அலமாரியில் எப்போதும் தயாராக இருக்கும். எல்லாம் பிழைத்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்புறம் ஒரு நாயைக்கூட என் கை சுடவில்லை.

முதல் அச்சின் ஒரு பாதிதான் நம் பரணில் இருக்கிறது. மறு பாதியை டாக்டர் கேட்டு வாங்கிக்கொண்டார். மருந்துச் சீட்டு காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் மேசைமேல் வைத்திருந்தார்.