தூக்குவாளியில் வந்த மீன்கள்

போன வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையில் நடந்தது இது. இப்போதும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

நாங்கள் இருப்பது கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில். நான் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்க்கிறேன். என் கணவர் சுற்றுலா வேன் ஓட்டியவர். அதற்கு முந்தைய வருடம், இதே மலைப்பாதையில் பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், பனிமூட்டத்துக்குள் அவர் வேன் வழுக்கித் தடுப்புச்சுவரில் மோதி நின்றது. ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. உள்ளே ஒரு குடும்பம், சின்னப் பிள்ளைகளோடு. எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் கால் எலும்பு முறிந்து, மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. பஸ்ஸில்கூட ஏற மாட்டார். எங்கே போவதென்றாலும் நடைதான். அது போக எங்களுக்குச் சொந்தமாக இருந்த பழைய வேன் வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பேட்டரி செத்துவிடக் கூடாதென்று என் தம்பி அவ்வப்போது வந்து ஸ்டார்ட் செய்து வைப்பான். அந்தச் சத்தம் கேட்டால் இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

வீட்டில் அவர் ஆசையாக வளர்த்த ஒரு சின்ன மீன்தொட்டி இருந்தது. நாங்கள் மதுரையில் இருந்தபோது மழையில் கரண்ட் போய், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் நின்றுவிட்டது. எங்கள் ஊர்க் குளிருக்கு அந்த மீன்கள் தாங்குமா? திரும்பி வந்து பார்த்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணீரைக் கொட்டி, காலித் தொட்டியை மூலையில் வைத்தேன். மாதக்கணக்கில் அது அப்படியே இருந்தது. அவரும் அப்படியேதான் இருந்தார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், மனிதர் கொல்லையில் உட்கார்ந்து அந்தத் தொட்டியை வினிகர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளைக் கறை போகத் தேய்த்தார். தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒரு மூலையில் கசிந்தது. காய வைத்துப் பசை பூசி அடைத்தார். கூழாங்கற்களைக் கழுவிக் கழுவி ஊற்றினார். புது ஹீட்டர் போட்டார். தெரிந்தவர் ஒருவரின் தொட்டியிலிருந்து அழுக்கேறிய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி வந்து தன் ஃபில்டரில் வைத்தார். "அழுக்கை ஏன் வாங்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டதற்கு, "அதுலதான் தண்ணியச் சுத்தம் பண்ற நுண்ணுயிர் இருக்கு. தண்ணி பழகட்டும், அப்புறம் மீன் விடலாம்" என்றார்.

மீனே இல்லாத தொட்டியில் வாரக்கணக்கில் குமிழி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெள்ளனே எழுந்ததும் முதலில் அதன் முன்னால்தான் போய் நிற்பார். விபத்துக்குப் பிறகு அவர் தானாகத் தொடங்கிய முதல் காரியம் அது. அதனால் அதைப் பற்றிப் பேசக்கூட எனக்குப் பயமாக இருந்தது. நான் ஏதாவது சொல்லி, அவர் அதை விட்டுவிட்டால்?

ஒரு நாள் "இனி மீன் விடலாம்" என்றார். அவர் கேட்ட மீன் கொடைக்கானலில் கிடைக்கவில்லை. பழனியில் ஒரு கடையில் இருப்பதாகத் தெரிந்தது. அவர் வர மாட்டார். நானே லீவு போட்டுக் கிளம்பினேன்.

"கொஞ்சமா வாங்கு. ஆரம்பத்துலயே நிறைய விட்டாத் தொட்டி தாங்காது" என்று சொல்லி அனுப்பினார். கோடு போட்ட ஜீப்ரா மீன் கொஞ்சம், சிவப்புப் பிளாட்டி கொஞ்சம் வாங்கினேன். கடைக்காரர் ஆக்சிஜன் அடைத்து இரண்டு பைகளாகக் கட்டி, பேப்பர் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மத்தியானத்துக்கு மேல் பஸ் ஏறினேன். பெட்டி என் மடியில்.

பக்கத்து சீட்டில் என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண். பழனியில் சாமி கும்பிட்டுவிட்டுக் கொடைக்கானலுக்கும் அப்பால் இருக்கிற கிளாவரைக்குத் திரும்புவதாகச் சொன்னார். அங்கே பூண்டு விவசாயம். பெட்டியில் மீன் என்றதும், "குழம்புக்கா?" என்று கேட்டார். வளர்க்க என்றதும் சிரித்தார்.

பாதி மலை ஏறும்போது மழை வலுத்தது. ஒரு திருப்பத்தில் டிரைவர் போட்ட பிரேக்கில் எல்லோரும் முன்சீட்டில் போய் முட்டினோம். எதிரே, சற்று முன்னால், ஒரு பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் எங்கள் மேல்தான்.

அந்த நடுக்கம் அடங்குவதற்குள் என் கால் ஈரமாவது தெரிந்தது. மடியில் இருந்த பெட்டி கீழே விழுந்து, சீட்டின் உடைந்த கம்பி குத்தி ஒரு பை கிழிந்துவிட்டது. மீன்கள் பஸ்ஸின் தரையில் துள்ளின.  கிளாவரை அக்காதான் முதலில் குனிந்தார்.

"யாரும் காலை எடுத்து வைக்காதீங்க. மீனு கெடக்கு" என்று சத்தம் போட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் செல்போன் வெளிச்சம் காட்டினார்கள். அவரிடம் குடிக்க வெந்நீர் கொண்டுவந்த தூக்குவாளி ஒன்று காலியாக இருந்தது. அதை நீட்டினார். நான் கிழியாத பையையும் அவிழ்த்து, அந்தத் தண்ணீரை மீனோடு தூக்குவாளியில் ஊற்றினேன். தரையில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அதிலேயே விட்டோம். சில நீந்தின. சில பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன.

இனி ஆக்சிஜன் பை கிடையாது. வாளியோடு அக்கா கொண்டுவந்திருந்த டம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன், காற்று கலக்கட்டும் என்று. குளிரும் ஏறிக்கொண்டிருந்தது. மரத்தை அறுக்க ஆள் வர நேரமாகும் என்றார் கண்டக்டர்.

கணவருக்குப் போன் செய்தேன். மரம் விழுந்ததையும் பை கிழிந்ததையும் சொன்னேன். "ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். இல்லை என்றேன். "எந்த எடம்?" சொன்னேன். அதோடு சத்தம் நின்றது. லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள். "யக்கா, அண்ணன் தார்ப்பாயைப் பிரிச்சு வேனை எடுத்துட்டுப் போறாரு. தெரியுமா?"

 உடனே அவருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அதன் பிறகு என் போனில் சிக்னலே இல்லை.

 இந்த மழையில், இந்தப் பனியில், ஒரு வருடத்துக்கு மேல் வண்டியைத் தொடாத மனிதர் மலை இறங்கி வருகிறார். வேன் மோதிய அந்த வளைவைத் தாண்டித்தான் வர வேண்டும். மீன் செத்தால் என்ன? வேறு வாங்கிக்கொள்ள முடியாதா? நான் ஏன் போன் செய்தேன்? அதற்குமேல் பஸ்ஸுக்குள் உட்கார முடியவில்லை. தூக்குவாளியை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு இறங்கினேன். கிளாவரை அக்காவும் தன் பையோடு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

மரத்துக்கு அந்தப் பக்கமும் வண்டிகள் வந்து நிற்க ஆரம்பித்தன. பனிக்குள் ஹெட்லைட் தெரியும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். கிட்ட வந்தால் காய்கறி லாரியாக இருக்கும், இல்லையென்றால் யாருடைய காரோ. பொழுது சாயத் தொடங்கியது.

மேலிருந்து பைக்கில் வந்த ஒருவர், மரத்தடியில் நின்றிருந்தவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மேல பெண்டுல ஒரு வேன் ஓரமா நிக்குது. லைட்டு எரியுது, கதவு தெறந்து கெடக்கு. உள்ள ஆளைக் காணோம்."

எந்த வளைவு, என்ன நிற வேன் என்று அக்காதான் கேட்டார். பைக்காரர் சொன்ன அடையாளம் எங்கள் வேன்தான்.

மரத்தின் கிளைகளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனது எப்படி என்று எனக்கு நினைவில்லை. மேல்நோக்கி நடந்தேன். "தங்கச்சி, நில்லு. தனியாப் போகாத. காட்டுமாடு நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா பின்னால் வந்தார். என் கையிலிருந்து தூக்குவாளியை வாங்கித் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டார். ஏதேதோ பேசுவார் என்று நினைத்தேன்.  என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார், அவ்வளவுதான். இரண்டடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பள்ளத்துப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என் கண் அந்தப் பக்கமே போனது. சுவர் எங்காவது உடைந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு திருப்பத்தில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிவது தெரிந்தது. எங்கள் வேன்தான். மலைப்பக்கமாக ஒழுங்காக ஒதுக்கி நிறுத்தப்பட்டிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை.

வேனுக்குப் பின்னால் ஒரு மைல்கல்லின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். முழுக்க நனைந்திருந்தார். கைகள் இரண்டையும் தொடைகளுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அப்படி வைத்தும் அவை நடுங்கின.

"இது வரைக்கும் வந்துட்டேன். இதுக்கு மேல முடியல" என்றார்.

எதிரே, புதிதாகக் கட்டிய தடுப்புச்சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பு வண்டி விளக்கில் தெரிந்தது. அதே வளைவு.

எனக்கு அழுகை, கோபம், நிம்மதி எல்லாம் சேர்ந்து வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவர் பக்கத்தில் இருந்த கல்லில் போய் உட்கார்ந்தார். என்ன ஆச்சு, ஏன் நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. கம்பளியை விலக்கித் தூக்குவாளியை எடுத்து என் கணவர் மடியில் வைத்தார்.

"அண்ணே, இதுல எது இருக்கு, எது போச்சுன்னு எனக்குத் தெரியல. நீங்க பாருங்க" என்றார்.

அவர் கையை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. நான் செல்போன் வெளிச்சம் காட்டினேன். வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு மீனை லேசாகத் தொட்டார். அது திரும்பிக் கீழே போனது. இன்னொன்று அசையவில்லை. அதை எடுத்துப் புல்லில் போட்டார். கொஞ்ச நேரம் எங்களை மறந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

"தண்ணி ரொம்பச் சில்லுனு ஆயிருச்சு. சூடு வேணும்" என்றார். பிறகு வேனைத் திரும்பிப் பார்த்தார். "முன்சீட்டுக்கு அடியிலதான் இஞ்சின். அந்தச் சீட்டுமேல வச்சா மெதுவாச் சூடு ஏறும்." கொஞ்சம் நிறுத்தி, "இஞ்சின் ஓடணும்" என்றார்.

 நான் "மெதுவாப் போலாம்" என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். "மீன் போனாப் போகுது, நடந்தே போவோம்" என்று சொல்லவும் தோன்றியது. அதையும் சொல்லவில்லை. அக்கா அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

என் கணவர் எழுந்து வாளியை என்னிடம் கொடுத்தார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.  சாவியைத் திருப்பும்போது சாவிக்கொத்து கலகலவென்று ஆடியது. அக்கா எதையும் கேட்காமல் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அந்த இடத்தில் வேனைத் திருப்பியதை என்னால் மறக்க முடியாது. பின்னால் எடுக்கும்போது வண்டியின் பின்பக்கம் அந்தச் சுவரை நோக்கிப் போனது. நான் வாளியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அண்ணே, இன்னும் எடம் இருக்கு. வாங்க... வாங்க... போதும்" என்று பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு அக்கா சொன்னார். வண்டி நின்றது. ஸ்டியரிங்கை ஒடித்து மேல்நோக்கித் திருப்பினார். அதற்குப் பிறகு ஒரே கியரில், நடக்கிற வேகத்தில் ஏறினோம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார். வழியில் இரண்டு தடவை ஓரமாக நிறுத்திக் கையை உதறிவிட்டுக்கொண்டார்.  நான் டம்ளரால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தேன். அக்கா பூண்டுக்கு இந்த மழை ஆகாது என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது கரண்ட் இருந்தது. வாளியில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மீன்களைப் பழக்கி, பிறகுதான் உள்ளே விட்டார். நனைந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. அக்காவுக்கு ஊருக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டது. எங்கள் வீட்டிலேயே படுத்தார்.

காலையில் பார்த்தால் ஜீப்ரா மீன்கள் பெரும்பாலும் பிழைத்திருந்தன. பிளாட்டி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அக்காவைப் பஸ் ஸ்டாண்டில் விட அவரே வேனை எடுத்தார். நான் கேட்கவில்லை. பயம் அவரை விட்டுப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பனி இறங்கினால் இன்றைக்கும் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். தெளிந்த பிறகு மறுபடி எடுப்பார்.

அந்த ஒரு வருடம் முழுக்க நான் அவருக்கு எத்தனையோ தைரியம் சொல்லியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், கோபப்பட்டும் இருக்கிறேன். முன்பின் தெரியாத அந்த அக்கா இவை எதையும் செய்யவில்லை. மழையில் நனைந்தபடி பக்கத்தில் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் யாராவது பயந்துபோய் வழியில் நின்றுவிட்டால், ஏன் என்று கேட்காமல் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்கத்தான் நான் முயற்சி செய்கிறேன். பேசாமல் இருப்பதுதான் அதில் கஷ்டமான பகுதி என்பது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிகிறது.