கைகட்டியதற்கு இரண்டு மார்க்

இன்று தேனியில், எங்கள் கம்பெனி நேர்காணலில் கேள்வி கேட்டவன் நான்.

கடமலைக்குண்டிலிருந்து வந்த பெண் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். ஆனால் கடைசிவரை கைகளை மார்போடு கட்டியே உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா கையக் கட்டிக்கிட்டே இருக்கீக?" என்றேன்.

"பெரியவுக முன்னாடி அப்படித்தான் இருக்கணும்னு அப்பா சொல்லிவிட்டாக, சார்."

புரிந்தது. ஆனாலும் மார்க் தாளில் உடல்மொழிக்கு ஒரு கட்டம் இருந்தது. கைகட்டினால் தன்னம்பிக்கை இல்லை என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு மார்க் குறைத்தேன்.

மாலையில் முதலாளி வந்து தாளைப் பார்த்தார்.

"ரெண்டு மார்க்குல அந்தப் புள்ளைக்கு வேலை தவறிப்போச்சேப்பா."

"ஆமாங்கய்யா" என்று எழுந்து நின்றேன்.

அவர் போன பிறகுதான் கவனித்தேன். நானும் கைகளை மார்போடு கட்டியே நின்றிருந்தேன்.

எனக்கு எத்தனை மார்க் குறைக்கலாம், சொல்லுங்கள்.